போகலாமா?

அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதன் செய்யக்கூடிய காரியங்கள் எத்தனையோ இருக்கின்றன. காலையில் நடந்துவிட்டு வரலாம். பத்திரிகையை விளம்பரம் விடாமல் படிக்கலாம். பிள்ளைகளுக்கு யோசனை சொல்லி, அவர்கள் அதைக் கேட்கவில்லையே என்று வருத்தப்படலாம். நான் டச்சு பாஷை படிக்க ஆரம்பித்தேன். சங்கதி தெரிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "அது எந்த வியாதிக்குங்க நல்லது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வியாதிதான். அதற்குப் பெயர் பேத்தி. என் பிள்ளை ஹாலந்தில் ஐந்தோவன் என்ற நகரத்தில் வேலை பார்க்கிறான். அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டான். அவர்களுடைய ஒரே பெண்ணுக்குத் தெரிந்த தமிழ், தாத்தா, பாட்டி, தோசை, போதும் என்ற நாலு சொல். இந்த நாலையும் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் எவ்வளவு நேரம் பேச முடியும்? தாத்தா என்பாள். தோசை என்பேன். போதும் என்பாள். ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட அவமானம் வேறென்ன? பேத்தி தமிழ் கற்கும்வரை காத்திருப்பதைவிட நான் டச்சு கற்பது சீக்கிரம் நடக்கும் என்று நினைத்தேன். இந்தக் கணக்கு தப்பு என்பது பிறகு தெரிந்தது.

ஒரு பழைய இலக்கணப் புத்தகம் கிடைத்தது. உபாத்தியாயினி ஒன்பது வயசுப் பேத்தியே. முதல் வாக்கியம், "இக் வில் மெல்க் டிரிங்கன்" என்பது. எழுத்துக்கு எழுத்து அர்த்தம் சொன்னால், நான் - வேண்டும் - பால் - குடிக்க. இங்கிலீஷ்காரன் வேண்டும் என்பதையும் குடிக்க என்பதையும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறான். தமிழனும் அப்படித்தான், ஆனால் இரண்டையும் கடைசி வரிசையில் உட்கார வைக்கிறான். டச்சுக்காரன் மட்டும் இரண்டையும் பிரித்து ஒன்றை முன்னாலும் ஒன்றைக் கோடியிலும் வைத்துவிட்டு, நடுவே உலகத்தில் உள்ள சாமான்களையெல்லாம் அடுக்குகிறான். நாளைக்கு, காலையில், அடுக்களையில், பாட்டியோடு, சர்க்கரை போடாத பால் என்று எத்தனை வேண்டுமானாலும் நடுவில் வரலாம். குடிக்க என்பது எல்லோரும் ஏறி முடித்த பிறகுதான் வரும்.

எனக்கு இது வந்தவாசி பஸ் ஸ்டாண்டை வைத்துத்தான் புரிந்தது. பஸ் நிற்பதற்குள் ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடுவார். துண்டுக்குச் சொந்தக்காரர் மூட்டை முடிச்சு, குழந்தை குட்டிகளுக்கெல்லாம் பின்னால், கடைசியில் ஏறி வருவார். டச்சு வாக்கியத்தில் வேண்டும், லாம், முடியும் என்ற இந்தத் துணைச் சொற்கள்தாம் துண்டு. அவற்றுக்கு இரண்டாவது ஸீட்டு என்று நிச்சயமாகிவிட்டது. முதல் ஸீட்டில் யார் உட்கார்ந்தாலும் சரி, இரண்டாவதை யாரும் தொட முடியாது. 'நாளைக்கு' என்று ஆரம்பித்தால்கூட, நாளைக்கு - வேண்டும் - நான் என்று எழுவாய்தான் எழுந்து பின்னால் போகிறதே ஒழிய, துண்டு நகர்வதில்லை. கேள்வி கேட்கும்போது மட்டும் முதல் ஸீட்டுக்கே வந்துவிடும்.

ஆனால் ஒரு வேடிக்கை. 'ஏனென்றால்' என்றோ 'என்று' என்றோ ஒரு சொல்லைப் போட்டு, ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியத்தை நுழைத்தால் துண்டு போட்டவர் எழுந்து பின்னால் போய்விடுகிறார். "ஒம்டாட் இக் மெல்க் டிரிங்கன் வில்." நான் - பால் - குடிக்க - வேண்டும். அப்படியே தமிழ்! 'என்பதால்' என்ற சொல் மட்டும் வாலில் இல்லாமல் தலையில் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேத்தியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் சிறிது யோசித்துவிட்டு, அப்படியும் சொல்லலாம், ஆனால் நாங்கள் பெரும்பாலும் 'வில் டிரிங்கன்' என்றுதான் சொல்லுவோம் என்றாள். இரண்டும் சரிதானாம். என் கண்டுபிடிப்பில் பாதி போயிற்று. இருந்தாலும் மீதிப் பாதியை நான் விடவில்லை.

துணைச் சொற்களில் எனக்குப் பிடித்தது 'மோஹன்'. அனுமதியைக் குறிக்கும் சொல், நம் 'லாம்'. (தனியாளுக்கு அது 'மஹ்' என்று குறுகிவிடும். அந்த 'ஹ்' தொண்டையைக் காறுவது போல வரவேண்டும்.) ஆதியில் இதற்கு 'இயலும்' என்றுதான் பொருளாம். இன்றும் டச்சில் 'வெர்மோஹன்' என்றால் சக்தி, சொத்து. இயலும் என்பது போகப் போக அனுமதி உண்டு என்று ஆகிவிட்டது. நம்முடைய 'கூடும்' மாத்திரம் என்ன? 'வரக்கூடும்' என்றால் வந்தாலும் வரலாம் என்ற அனுமானம். 'வரக்கூடாது' என்றாலோ உத்தரவு. ஒரே வேர், உடன்பாட்டில் ஜோசியம், எதிர்மறையில் அதிகாரம். பிறந்ததிலிருந்து பேசுகிறேன், ஒரு டச்சுக்காரன் வந்து இடித்துக் காட்டும்வரை இதைக் கவனித்ததில்லை.

2024 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிசம்பர் விடுமுறைக்கு அவர்கள் சீயமங்கலம் வருவதாகப் பேச்சு. நாலு வருஷமாக வருகிறோம் வருகிறோம் என்று வராமலே போயிற்று. வீட்டுக்கு வெள்ளையடித்து, மேல்நாட்டுக் கழிப்பறை ஒன்று கட்டி, (கக்கூஸ் என்ற சொல்லே டச்சுக்காரன் கொடுத்ததுதான், துட்டும் அப்படியே) என் மனைவி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அன்று மழை இருட்டு. தொலைபேசியில் பேத்தியின் குரல் விட்டு விட்டு வந்தது. "ஓபா, வெய் மோஹன் டிட் யார் நீட் மேர்..." அத்துடன் கம்பி அறுந்தது போல் ஆயிற்று. மின்சாரமும் போயிற்று. ஓபா என்றால் தாத்தா.

"குழந்தை என்னங்க சொல்லிச்சு? யாரு அந்த மோகன்?" என்றாள் என் மனைவி.

நான் மொழிபெயர்த்தேன். தாத்தா, எங்களுக்கு - அனுமதி - இந்த வருஷம் - இனிமேல் - இல்லை.

"எதுக்கு அனுமதி இல்லை?"

"அது கடைசியில் வரும்."

"வந்ததா?"

"வரவில்லை."

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. முறுக்குக்கு ஊறவைத்திருந்த அரிசியை எடுத்து வைத்தாள். இருட்டில் திண்ணையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இதே பேச்சு தமிழில் அறுந்திருந்தால், "தாத்தா, நாங்கள் இந்த வருஷம் அங்கே வர..." என்பதோடு நின்றிருக்கும். வரலாமா, வரக்கூடாதா, வரப்போகிறார்களா, ஒன்றும் தெரியாது. தெரியாதவரைக்கும் நம்பலாம். தமிழ் கடைசிவரை கையை மூடியே வைத்திருக்கிறது. டச்சு பாதிக் கையை முதலிலேயே திறந்து காட்டிவிடுகிறது. கூடாது என்பது கூடத்துக்கு வந்துவிட்டது, எது கூடாது என்பது இன்னும் வாசலில் நிற்கிறது. ராத்திரி முழுதும் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில்தான் மீதி வாக்கியம் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் - தொலைபேசியை வைத்து - விளையாட. அவ்வளவுதான்! ஹாலந்தில் அந்தக் கல்வியாண்டிலிருந்து தொடக்கப் பள்ளிகளிலும் தொலைபேசி கூடாது என்று ஏற்பாடு. அதைத்தான் குழந்தை முறையிட்டிருக்கிறது. என் மனைவி அரிசியை மறுபடி வெளியே எடுத்தாள். "உங்க டச்சு பாஷையை நம்பி ஒரு படி அரிசி புளிச்சிருக்கும்" என்றாள்.

இதை நான் ஒரு சிரிப்புக் கதையாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த இரவில் வேறொரு வாக்கியமும் என் ஞாபகத்துக்கு வந்தது. செஞ்சியை வைத்து ஒரு சரித்திர நாவல் எழுத வேண்டும் என்று பல வருஷங்களுக்கு முன் குறிப்பெடுத்தேன். நாவல் எழுதவில்லை. (தேசிங்கு ராஜனின் குதிரையிலேயே எல்லா நாவலாசிரியர்களும் ஏறிவிட்டதால் எனக்கு இடமில்லை என்பது நான் சொல்லும் காரணம், சோம்பல் என்பது என் மனைவி சொல்லும் காரணம்.) குறிப்புகள் மட்டும் பெட்டியில் இருந்தன. அவற்றில் இரண்டு டச்சுக்காரர்களைப் பற்றியவை.

முதலாவது 1608. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றி ஆறே வருஷம். கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொண்டு வியாபாரம் செய்ய, செஞ்சி நாயக்கர் அவர்களுக்கு அனுமதி கொடுத்தார். அது ஒரு 'லாம்'.

இரண்டாவது 1677. செஞ்சி அந்த வருஷம் சிவாஜியின் கைக்கு வந்தது. டச்சுக்காரர்கள் பழைய சலுகைகளைப் புதுப்பித்துக்கொள்ளப் போனார்கள். சிவாஜி கொடுத்த கௌலின் டச்சு மொழிபெயர்ப்பு கம்பெனியின் தஸ்தாவேஜுகளில் இருக்கிறது. அதில் ஒரு ஷரத்து. முந்தைய ஆட்சியில் நீங்கள் இந்தச் சீமையில் ஆண்களையும் பெண்களையும் அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றலாம் என்றிருந்தது, யாரும் தடுக்கவில்லை. இந்த நாட்டுக்கு நான் எஜமானாக இருக்கும்வரை இனி வாங்கவும் கூடாது, கொண்டுபோகவும் கூடாது. மீறினால் என் ஆட்கள் தடுப்பார்கள். இதுதான் சாரம். அறுபத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு 'லாம்' கொடுத்த செஞ்சி, இப்போது ஒரு 'கூடாது' கொடுத்தது.

அதை நானே என் அரைகுறை டச்சில் எழுதிப் பார்த்தேன். நீர் - லாம் - இங்கே - அடிமை எதையும் இல்லை - வாங்க. மறுப்பு வாக்கியத்தின் வயிற்றில் இருக்கிறது. தமிழில் எழுதினால், "நீர் இங்கே அடிமைகளை வாங்க" என்பது வரைக்கும் பழைய அனுமதியும் புதிய தடையும் ஒன்றேதான். அதற்குமேல் உள்ள வால்தான் வித்தியாசம். கடற்கரையில் கயிற்றோடு நின்ற தரகன் அந்த வாலுக்காகக் காத்திருந்தான்; கட்டுண்டு உட்கார்ந்திருந்தவளும் அதற்காகவே காத்திருந்திருப்பாள். அவர்கள் போன இடங்கள் பத்தேவியாவும் இலங்கையும். பஞ்சம் வந்தால் விலை இறங்கும், ஆள் பெருகும். இதில் டச்சுக்காரனை மட்டும் திட்டிவிட்டு நாம் கை கழுவ முடியாது. விற்றவனும் தரகு பார்த்தவனும் தமிழ்தான் பேசினான். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707இல் கிளாஸ் ஈசாக்ஸ் என்ற டச்சு அதிகாரி டச்சு மொழியில் தொகுத்தார். பிறகு அது தமிழாகி, பன்னிரண்டு முதலியார்கள் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள். அதில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. யார் யாரை வைத்திருக்கலாம் என்பது நம் வழமையிலேயே இருந்தது.

'நான் எஜமானாக இருக்கும்வரை' என்பதையும் கவனிக்க வேண்டும். உத்தரவின் ஆயுள் அந்தச் சின்ன உள்வாக்கியத்தில் இருந்தது. 1680இல் சிவாஜி காலமானார். 1698இல் செஞ்சி மொகலாயர் வசமாயிற்று.

டிசம்பர் கடைசியில் மூவரும் வந்து சேர்ந்தார்கள். ஏரி நிரம்பியிருந்தது. மருமகள் முதல்முறை வந்தபோது, இரண்டாவது டம்ளர் காப்பியைப் பார்த்து "ஹூஃப்ட் நீட்" என்று சொன்னது ஞாபகம். வேண்டியதில்லை என்று அர்த்தம். என் மனைவிக்கு டச்சு தெரியாது. ஆனாலும் உடனே டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வேண்டாம் என்பது எந்த பாஷையிலும் முகத்தில் தெரிந்துவிடும் போலிருக்கிறது.

மறுநாள் பேத்தியைத் தூணாண்டார் கோயிலுக்கு அழைத்துப் போனேன். எங்கள் ஊருக்குப் பெருமை அதுதான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திர பல்லவன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில். லளிதாங்குரன் என்ற தன் பட்டப்பெயரைத் தூணில் வெட்டி, கோயிலுக்கு அவனிபாஜன பல்லவேச்வரம் என்று பெயரும் வைத்தான். அங்கே ஆடும் சிவன் ஒருவர் சின்னதாக இருக்கிறார். தமிழ்நாட்டுக் கல்லில் மிகப் பழைய ஆட்டங்களில் ஒன்று. பிற்காலத்தார் முன்னால் மண்டபங்களைக் கட்டிவிட்டதால் குகை உள்ளே தள்ளி இருட்டாக இருக்கிறது. பேத்தி வாசலில் நின்றுவிட்டாள்.

"மஹ் இக் நார் பின்னன்?"

"குழந்தை என்ன கேக்கறா?" என்றார் குருக்கள்.

"உள்ளே போகலாமா என்று கேட்கிறாள்."

"போகலாமே! நன்னாப் போகலாம்!"

உண்மையில் அவள் 'போக' என்று சொல்லவே இல்லை. லாமா - நான் - உள்ளே? அவ்வளவுதான். எங்கே என்று சொல்லிவிட்டால் போவதைச் சொல்ல வேண்டியதில்லை என்பது டச்சுக்காரர் வழக்கம். உள்ளே போய்த் திரும்பிய பேத்திக்கு ஐந்தாவது தமிழ்ச் சொல் கிடைத்துவிட்டது. அன்று மாலைக்குள் வீடு முழுவதும் 'லாமா'தான். "பாட்டி, தோசை லாமா?" "தாத்தா, ஏரி லாமா?" என் மனைவி திருத்தப் போனாள். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். டச்சு இலக்கணத்தில் அது சுத்தமான வாக்கியம்.

அதற்கு மறுநாள் செஞ்சி போவதாக ஏற்பாடு. முதல் நாள் இரவு மருமகளிடம் என் பழைய குறிப்புகளைக் காட்டினேன். அவள் நெடுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்குச் சொல்ல வேண்டும் என்றாள். என் மனைவி, "ஒம்பது வயசுப் பிள்ளைகிட்டப் போயா? அதுவும் அவ அம்மா ஊருக்காரங்க செஞ்சதுன்னு? வேண்டாங்க. வந்த இடத்துல சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். என் பிள்ளை வழக்கம்போல் இரண்டு பக்கமும் தலையாட்டினான். நான் பெரியவள் ஆனதும் சொல்லலாமே என்று இழுத்தேன். கோழைத்தனத்துக்கு எப்போதும் 'லாமே' சௌகரியம். மருமகள், "ஹெட் மூட்" என்றாள். அது - வேண்டும். வினையே இல்லை. கடைசியில் வரவேண்டிய சொல் வராமலே வாக்கியம் முடிந்துவிட்டது. அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

ராஜகிரி உச்சிக்கு நானும் என் மனைவியும் ஏறவில்லை. பிள்ளையும் பேத்தியும் மருமகளும் ஏறி இறங்கி, களைத்து வந்து, அடிவாரத்துக் களஞ்சியத்தின் நிழலில் உட்கார்ந்தார்கள். எவ்வளவு பெரிய களஞ்சியம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் எத்தனை ஊர் நெல்லைக் கொட்டியிருப்பார்கள்! அங்கே வைத்துத்தான் மருமகள் சொன்னாள். மெள்ளத்தான் சொன்னாள். என் டச்சுக்கு எட்டியவை வில், மஹ், மூட், கான் என்ற துண்டுகள் மட்டும். ஒவ்வொரு வாக்கியத்தின் கோடியிலும் வந்த வினைச்சொற்கள் என் காதைத் தாண்டிப் போய்விட்டன. குழந்தையின் முகத்தைப் பார்த்து அவை என்ன என்று ஊகித்துக்கொண்டேன். நடுவில் ஒரு முறை அவள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரங்கு ஒன்று வந்து எங்கள் புளிச்சாதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போயிற்று. யாரும் விரட்டவில்லை.

அன்று அவள் 'லாமா' ஒன்றுகூடக் கேட்கவில்லை. ராத்திரி எங்களோடுதான் படுப்பேன் என்று கூடத்தில் பாயைப் போடச் சொல்லி எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். இருட்டில் குரல் வந்தது.

"ஓபா, அந்த ஜனங்கள்... அவர்களுக்குத் திரும்பி அனுமதி இல்லையா?"

டச்சில்தான் கேட்டாள், மோஹன் இறந்த காலத்தில் இருந்தது. வர என்ற சொல் இல்லை. நான் பதில் சொல்லத் தொடங்கினேன். அனுமதி இல்லை என்பதா, முடியவில்லை என்பதா? இரண்டுக்கும் அவர்களிடம் தனித்தனிச் சொல் உண்டு, நமக்கும் உண்டு. தப்பி வந்தவர்கள் யாராவது இருந்திருப்பார்களா என்று யோசித்தேன். கடலைத் தாண்டி, மொழி தெரியாமல், ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு! முடியவில்லை என்பதே சரி என்று பட்டது. இலக்கணத்தை மனசுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்து, முடிந்துபோன காலத்துக்கு உரிய உருவத்தைப் போட்டு, "ஸெ ஹெபன் நீட் தெருக்கோமன் ஹெகுண்ட்" என்று சொன்னேன்.

சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, புத்தகத்தில் படித்தும் நான் மறந்துபோன விதி ஒன்றை, தூக்கக் கலக்கத்திலேயே அவள் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு வினை அடுத்தடுத்து வரும்போது முடிந்த கால உருவம் எடுக்கக் கூடாது. 'முடிய' என்று பச்சையாகவே நிற்க வேண்டும்.

"நீட் தெரு குன்னன் கோமன், ஓபா."

"சரி அம்மா" என்றேன். அவள் திரும்பிப் படுத்தாள். என் மனைவி இருட்டிலேயே கையை நீட்டி, "என்னங்க சொல்லுது?" என்று கேட்டாள். போர்வையைச் சரியாக இழுத்து விட்டேன்.